ஸ்டூடியோ கேள்வி – பதில்: சுவரில் மாட்டுகிற படம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஸ்டூடியோ வைத்திருப்பவர், மனசுக்குப் பிடித்த போர்ட்ரெய்ட் வேலைக்கு எப்படி மாறுவது என்பதுதான் அது. அதனால் அவற்றை ஒரே இதழில் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: காட்பாடியில் 14 வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் உண்டு. வருமானம் ஓடுகிறது, மனசு ஒட்டவில்லை. ஆட்களை நிதானமாக உட்காரவைத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி போர்ட்ரெய்ட் மட்டும் எடுக்க ஆசை. மற்ற வேலைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: எதை நிறுத்துவது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு உதாரணம். வாடகை 12,000, மின்சாரம் 3,000, உதவியாளர் 15,000, கேமரா தவணையும் தேய்மானமும் 8,000, சில்லறைச் செலவு 2,000. மொத்தம் 40,000 ரூபாய். உங்கள் வீட்டுக்கு மாதம் 40,000 வேண்டும் என்றால் 80,000 ஆகிறது. மாதம் 25 நாள், நாளுக்கு உண்மையாக வேலை நடப்பது 6 மணி நேரம் என்று வைத்தால் 150 மணி. ஒரு மணி நேரத்தின் விலை 533 ரூபாய்.

இதை வைத்து ஒவ்வொரு வேலையையும் உரசிப் பாருங்கள். பாஸ்போர்ட் படத்துக்கு 10 நிமிடம், அதாவது 89 ரூபாய் நேரம். பேப்பர் செலவையும் சேர்த்து வாங்கினால் அது நஷ்டம் இல்லை, கையில் ரொக்கமும் புரளும். சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊர்ப்பக்கம் அதை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. காதுகுத்து ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாள் படம் எடுப்பது, இரண்டு ராத்திரி ஷீட் டிசைன், "மாமா படம் விட்டுப்போச்சு" என்று நாலு தடவை திருத்தம், கடைசியில் மிச்சப் பணத்துக்கு மூன்று மாதம் அலைச்சல். பெரும்பாலான ஸ்டூடியோக்களில் நேரத்தைத் தின்பது இதுதான். முதலில் குறைக்கவேண்டியதும் இதுதான்.

போர்ட்ரெய்ட்டுக்கும் அதே அளவுகோல். பேச்சு அரை மணி, படம் எடுக்க 2 மணி, பொறுக்க 1 மணி, டச்சிங் 3 மணி, வாடிக்கையாளரோடு பார்க்க 1 மணி, ஃபிரேம் வேலை அரை மணி, ஆக 8 மணி நேரம். 4,264 ரூபாய். பிரிண்ட்டும் ஃபிரேமும் 2,500 என்றால் 6,764. கெட்டுப்போகிற பிரிண்ட், வராமல் போகிற ஆள் என்று 15 சதவீதம் ஏற்றினால் சுமார் 7,800. இதைப் போய் "அறிமுக விலை 3,000" என்று தொடங்குகிறவர்கள்தான் ஆறே மாதத்தில் "நம்ம ஊர்ல கலைக்கு மதிப்பில்ல" என்று சொல்கிறார்கள்.

யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். கண்ணீர் அஞ்சலி பேனருக்காக உங்களிடம் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஆதார் ஜெராக்ஸையோ, 20 வருடத்துக்கு முந்தைய கல்யாண குரூப் போட்டோவையோ நீட்டி, அதிலிருந்து அப்பா முகத்தை வெட்டி எடுத்துக் கோட்டு மாட்டச் சொல்வார்கள். அந்த வீட்டில் ஒரு நல்ல படம்கூட இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் நல்ல சாக்கு. தனியாகப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று தயங்குகிற பாட்டியைப் பேரக்குழந்தையோடு உட்காரவையுங்கள். குழந்தை பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும், பாட்டி அப்படியே உட்கார்ந்திருப்பார்.

முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தொடங்கலாம். மற்ற மாதங்களில் செவ்வாய்க்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள், அன்று விசேஷம் இருக்காது. (படம் எடுக்கவும் செவ்வாய் வேண்டாம் என்று சில வீட்டில் சொல்வார்கள். அப்போது புதன்.) ஒரு நாளைக்கு ஒரு ஆள் போதும். வீட்டில் வழக்கமாகக் கட்டுகிற துணியையே கொண்டுவரச் சொல்லுங்கள், புதுப்பட்டு விறைப்பாக நிற்கும். முதல் 20 நிமிடம் கேமராவைத் தொடவேண்டாம். 40 முதல் 60 படம் எடுத்து, 8 காட்டி, ஒன்றை 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஃபிரேமோடு கொடுங்கள். "எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்க" என்பதற்கு விலை முதலிலேயே எழுதியிருக்கட்டும். இல்லையென்றால் பிரிண்ட் விற்காது.

கேள்வி: என் அறை 10க்கு 12 அடி. இரண்டு பக்கமும் குடை ஃப்ளாஷ் வைத்து எடுக்கிறேன். முகம் தோசை மாதிரி தட்டையாக வருகிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாங்கினால் சரியாகுமா? (வேலூர்)

பதில்: வாங்கும் முன் ஒரு ஃப்ளாஷை அணையுங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரியில், ஒரே பவரில் வைத்தால் நிழல்கள் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மூக்கின் இரு புறமும் மெல்லிய நிழல் விழும், கண்ணில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரியும். பாஸ்போர்ட் படத்துக்கு அதுதான் தேவை. அந்த வேலைக்கு அந்தச் செட்டிங்கை அப்படியே வைத்திருங்கள்.

போர்ட்ரெய்ட்டுக்கு ஒரே விளக்கு. கண் மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே, ஒரு பக்கமாக 45 டிகிரி, முகத்திலிருந்து 3 அடி. கண்ணில் விழும் புள்ளி கடிகாரத்தில் 10 மணி அல்லது 2 மணி இருக்கும் இடத்தில் தெரிந்தால் விளக்கு சரியான இடத்தில் இருக்கிறது. கண்குழி இருண்டால் மேலே போய்விட்டது, இறக்குங்கள்.

அடுத்தது தூரம். ஒளி செல்லும் தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். முகம் விளக்கிலிருந்து 3 அடியிலும், பின்சுவர் விளக்கிலிருந்து 6 அடியிலும் இருந்தால் சுவருக்கு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைவாகத்தான் வெளிச்சம் போகும். வெள்ளைச் சுவரே சாம்பல் நிறமாகிவிடும், பேக்ரவுண்ட் துணியே வேண்டாம். அதே விளக்கை 8 அடிக்குத் தள்ளினால் முகத்துக்கும் சுவருக்கும் ஒரு ஸ்டாப்கூட வித்தியாசம் இருக்காது. "லைட்டைக் கிட்ட கொண்டுவந்தால் முகம் வெந்துபோகும்" என்று பயந்து தள்ளிவைப்பதுதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. கிட்டே கொண்டுவாருங்கள், பவரைக் குறையுங்கள்.

சின்ன அறையின் இன்னொரு தொந்தரவு சுவர். வெள்ளை பெயிண்ட் அடித்த பக்கச்சுவர், நீங்கள் கேட்காமலே ஒளியைத் திருப்பியடித்து ரிஃப்ளெக்டர் வேலை பார்க்கும். நிழல் பக்கம் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் கன்னத்தின் வளைவு உடனே தெரியும். நிழல் அதிகம் என்று தோன்றினால் போர்வையை எடுத்துவிட்டு 2×3 அடி தெர்மாகோல். பச்சை பெயிண்ட் என்றால் கண்டிப்பாக மூடுங்கள். தாடையில் ஏறும் பச்சையை எந்த சாஃப்ட்வேரிலும் முழுதாக எடுக்கமுடியாது.

ஜன்னல் இருந்தால் ஃப்ளாஷே வேண்டாம். வடக்கு ஜன்னலில் வெயில் படாது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே நம் தலைக்கு வடக்கே நிற்கும். கோடை முழுக்கக் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் நுழையும். அந்த நேரத்துக்கு வெள்ளை மல் துணியை ஒற்றையாகக் கட்டுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 2.8, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். வயதானவர்களுக்குத் தலை லேசாக ஆடும், 1/125க்குக் கீழே இறங்கவேண்டாம். கண்ணும் காதும் இரண்டும் தெளிவாக வேண்டும் என்றால் எஃப் 4க்கு மூடி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். அறை டியூப்லைட்டை மறக்காமல் அணையுங்கள்.

கேள்வி: 85 மிமீ லென்ஸ் அவசியமா? (வாணியம்பாடி)

பதில்: கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில் 50 மிமீ எஃப் 1.8 போதும். 6 அடி தூரத்தில் நின்றால் உயரவாக்கில் சுமார் 2.8 அடி அடங்கும். தலையிலிருந்து இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரை.

கேள்வி: எவ்வளவு நன்றாக எடுத்தாலும் "கொஞ்சம் வெள்ளையா ஆக்குங்க" என்கிறார்கள். கேட்காவிட்டால் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். என்ன செய்வது? (குடியாத்தம்)

பதில்: பாதிக் குற்றம் கேமராவின் மேல். அதில் ஒளியை அளக்கிற மீட்டர் முழுக் காட்சியையும் பார்த்து நடுத்தர சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டை, வெளிர் சுவர் என்று இருந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுத்த முகம் இன்னும் அடங்கிப்போகும். அதை கம்ப்யூட்டரில் தூக்கினால் முகம் வெளுக்காது, சாம்பல் பூத்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் "வெள்ளையா" என்கிறார். அவருக்கு வேண்டியது பளிச்சென்ற முகம், வார்த்தைதான் வேறு.

முகத்துக்குப் பக்கத்தில் 18 சதவீத கிரே கார்டைப் பிடித்து அதில் மீட்டர் பாருங்கள், வெள்ளைச் சமநிலையையும் அதிலேயே வையுங்கள். மாநிறம், கறுப்பு நிறத்துக்கு உருவம் கொடுப்பது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் மினுக்கு. முழுசாகப் பவுடர் போட்டு அதை அழித்தால் முகம் செத்துவிடும். சித்திரை வைகாசியில் வியர்வை வழியும். டிஷ்யூவைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், மினுக்கு மிச்சம் இருக்கட்டும்.

டச்சிங்குக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் மறையக்கூடிய பரு, கீறல் போகலாம். மச்சம், தழும்பு, கண்ணோரச் சுருக்கம் இருக்கவேண்டும். வாடிக்கையாளரிடம் வாதாடாதீர்கள். ஒரே படத்தை வெளுத்தும் வெளுக்காமலும் 6×8 பிரிண்ட் போட்டு, கூட வந்தவர் கையில் கொடுங்கள். "இதுதான் எங்கம்மா" என்று மகள் எதைக் காட்டுகிறாரோ அதை ஃபிரேம் போடுங்கள். அப்படியும் வெளுத்ததே வேண்டும் என்பவர் உண்டு. கொடுத்துவிடுங்கள். உங்கள் சுவரில் மட்டும் அதை மாட்டாதீர்கள், அடுத்த ஆளும் அதையே கேட்பார்.

கேள்வி: போன வருடம் கொடுத்த பெரிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்று ஓரமெல்லாம் மஞ்சள். லேபின் தவறா? (ஆம்பூர்)

பதில்: ஃபிரேம் போட்டவரின் தவறாகத்தான் இருக்கும். வழுவழுப்பான போட்டோ பேப்பர் கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால், மழைக்கால ஈரத்தில் மேற்பூச்சு இளகிப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வரும். அதை அப்படியே கண்ணாடி வழியாக ஸ்கேன் செய்து மறு பிரிண்ட் போடுவதுதான் வழி. இனிமேல் மவுண்ட் போர்டில் (தடித்த அட்டை) ஜன்னல் வெட்டி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 முதல் 4 மிமீ இடைவெளி விடச் சொல்லுங்கள்.

மஞ்சளுக்குக் காரணம் பின்னால் அடிக்கும் ஹார்டுபோர்டின் அமிலமும், முதுகு முழுக்கத் தடவும் பசையும். நடுவில் அமிலமில்லாத போர்டு ஒன்று வையுங்கள். படத்தை ஒட்டாமல், மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் காகித டேப்பால் தொங்கவிடுங்கள். ஈரத்தில் பேப்பர் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அலையலையாக நெளியும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

பிரிண்ட் இருட்டாக வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய படம் பேப்பரில் இருட்டாகத்தான் வரும். ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்து, திரையின் வெள்ளையும் அதுவும் ஒன்றுபோலத் தெரியும்வரை இறக்குங்கள். பெரிய பிரிண்ட்டுக்கு முன் 4×6 சோதனைப் பிரிண்ட் கட்டாயம். 12×18க்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600×5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது தாராளம், படத்தை வெட்டாமல் இருந்தால்.

கேள்வி: கூத்துக் கலைஞர்களை வரிசையாக எடுத்துக் கண்காட்சி வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது? படத்தின் உரிமை யாருக்கு? (ஆற்காடு)

பதில்: திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்கள்தான் சரியான காலம். முதலில் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாரிடம் பேசுங்கள். முதல் இரண்டு ராத்திரி கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள்.

வேஷம் கட்டுகிற இடத்தில் இப்போது எல்இடி பல்புதான். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்பு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/200ல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் விழாது. கிரீடத்திலும் தோளில் கட்டும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் நேர் ஃப்ளாஷில் வெள்ளைப் புள்ளிகளாக வெடிக்கும். ஒளி பக்கவாட்டில் வரட்டும். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வண்ணம் ஏறிய நேரம் நல்ல நேரம், ஆனால் கலைஞர் கையிலிருக்கும் கண்ணாடியை மறைத்து நிற்காதீர்கள்.

கூத்து முடிந்து விடிகிற நேரத்தில் இன்னொரு படம் கிடைக்கும். வியர்வையில் அரிதாரம் கலைந்திருக்கும், வெளிச்சம் மென்மையாக இருக்கும். பந்தலுக்கு வெளியே, கலைஞர் கிழக்கு பார்த்து நிற்கிற மாதிரி, அவருக்குப் பின்னால் ஒரு கறுநீலத் துணி கட்டித் தயாராக இருங்கள். ராத்திரி முழுக்க ஆடியவர் அவர். மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள், கிரீடத்தை இறக்கிவைக்க விடுங்கள். நேரத்துக்குப் பணம் கொடுங்கள், பிரிண்ட்டும் கொடுங்கள்.

உரிமை விஷயத்தில் கவனம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுத்த படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் பணம் கொடுத்தவர்தான். ஸ்டூடியோக்காரர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூத்துப் படங்களை நீங்களே உங்கள் செலவில் எடுத்தால் உரிமை உங்களுக்கு. ஸ்டூடியோவில் பணம் வாங்கி எடுத்த பாட்டி படத்தைக் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டால், அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: பதிப்புரிமை யாருக்கு, எங்கெங்கே காட்டலாம், விளம்பரத்துக்கு உண்டா இல்லையா. குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து. கலைஞர்களிடமும் முகத்தைப் பொதுவில் காட்ட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாத்தியார் முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வேலூர்க் கோட்டையில் போர்ட்ரெய்ட் எடுக்கலாமா? (சத்துவாச்சாரி)

பதில்: கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிரைபாட், ஸ்டாண்டு, விளக்கு என்று இறக்குவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வாசலில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளரைக் கூட்டிப்போகாதீர்கள். கருங்கல் வெயிலைக் குடித்து வைத்திருக்கும், மே மாதம் மாலை 5 மணிக்கும் அதன்மேல் உட்காரமுடியாது. மடித்த போர்வை ஒன்று பையில் இருக்கட்டும்.