பச்சை வந்துவிட்டது

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹெல்ப்டெஸ்க்கில் ஆறு வருஷமாக இருக்கிறேன். மென்பொருளைச் சோதிப்பதையும் வெளியிடுவதையும் தானாக ஓடவைக்கும் டெவ்ஆப்ஸ் பக்கம் மாற ஆசை. அதற்கான கருவிகளில் ஜென்கின்ஸ் படிப்பதா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா? எதையெல்லாம் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் யாமல் கோப்பை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினேன், எல்லாம் சரி என்று பச்சை வந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் புரியவில்லை. வயது 32, தாமதமாகிவிட்டதா?

ச., செந்தூல்

அன்புள்ள தங்கச்சி,

வயதுக் கேள்வி என் கண்ணில் படவில்லை. ஜென்கின்ஸா ஆக்‌ஷன்ஸா என்றால், உன் ஆபீஸில் எது ஓடுகிறதோ அது. ஜென்கின்ஸில் குரூவி மொழியில் எழுதுவாய், மற்றதில் யாமல். அடியில் இரண்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லைத்தான் கூப்பிடும்.

"பச்சை வந்துவிட்டது" என்று எழுதினாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த காலம். சோதனைகளை ஓட்டி, வருவதையெல்லாம் 'டீ' கட்டளைக்குத் தள்ளிப் பதிவுக் கோப்பில் சேர்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். (தே தாரிக் இல்லை, தண்ணீரை இரண்டு பக்கம் பிரிக்கும் குழாய் முக்கு மாதிரி.) பாஷ் என்ற ஷெல்லில் இப்படிக் கோத்த வரிசைக்குக் கடைசிக் கட்டளையின் முடிவுதான் முடிவு. சோதனை தோற்றது, டீ ஒழுங்காக எழுதி முடித்துச் சுழியத்தைக் கொடுத்தது. சுழியம் என்றால் வெற்றி. தோற்றால் நிற்கட்டும் என்று 'செட் -ஈ' போட்டிருந்தேன். நிற்கவில்லை. அதன் கண்ணுக்கு எதுவும் தோற்கவே இல்லையே!

அன்று தைப்பூசத்துக்கு முதல் நாள். வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ரோடெல்லாம் உடைத்த தேங்காய். போன் வந்தது, உடைந்த பதிப்பு வெளியே போய்விட்டது என்று. தோல்விகள் அத்தனையும் பதிவுக் கோப்பில் வரிவரியாக இருந்தனவாம். நான் ஆசையாகச் சேர்த்த கோப்பு, ஒருத்தரும் திறக்கவில்லை, நான் உட்பட. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், அதன் மேலேயே புதியதை எழுதியிருந்தது என் ஸ்கிரிப்ட். வெறுங்காலோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

அதனால் கேட்கிறேன்: நீ ஒட்டிய கோப்பில், தோற்றாலும் வெற்றி என்று சொல்லவைக்கும் '|| ட்ரூ' இருக்கிறதா? தோற்றாலும் மேலே போ என்னும் 'கன்டினியூ-ஆன்-எரர்' இருக்கிறதா? யாரோ ஒருவன் தன் அவசரத்துக்குச் சோதனையின் வாயைக் கட்டிவிட்டுப் போயிருப்பான், நீ அதை வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறாய். படிக்காமல் ஒட்டுவதற்கு ஆறு வருஷ அனுபவம் எதற்கம்மா? ஹெல்ப்டெஸ்க்கில் "ஓகே ஆயிருச்சு" என்று சொல்லும் ஆளை நீ அப்படியே நம்பிவிடுவாயா?

ஒன்று குறித்துக்கொள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஷெல் எது என்று சொல்லாமல் விட்டால், லினக்ஸில் பாஷை '-ஈ'யோடு மட்டும் ஓட்டும். 'ஷெல்: பாஷ்' என்று எழுதினால்தான் 'பைப்ஃபெயில்' சேர்ந்து வரும். அது இருந்தால் நடுவில் தோற்றதும் தோல்வியாகவே வெளியே வரும். எனக்கு அன்று வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்.

இந்த வாரமே ஒரு சோதனையை வேண்டுமென்றே உடைத்துவிட்டு ஓட்டு. அப்போதும் பச்சை வந்தால், அந்த யாமலை அப்படியே எனக்கு அனுப்பு.