டிராஃப்டில் யாருமே கூப்பிடாத நார்வேக்காரர்

கேள்வி: சின்ன நாட்டில் பிறந்து, யாரும் கண்டுகொள்ளாமல் இருந்து, உலகின் உச்ச லீகில் நிலைத்த ஒரு வீரரைச் சொல்ல முடியுமா?

யோசிக்கவே வேண்டாம், மாட்ஸ் சுக்கரெல்லோ. ஐஸ் ஹாக்கி. 1987இல் ஆஸ்லோவில் பிறந்தவர். நார்வேயின் மொத்த மக்கள்தொகையே சுமார் 55 லட்சம்தான். அங்கே பனி என்றால் பனிச்சறுக்கு. ஹாக்கி அதற்குப் பிறகுதான்.

உலகின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக் வட அமெரிக்காவின் என்ஹெச்எல். அதன் அணிகள் வருடந்தோறும் டிராஃப்ட் என்ற தேர்வில் முறை வைத்து 200 பேருக்கு மேல் இளைஞர்களை எடுக்கின்றன. சுக்கரெல்லோவின் வயதுக்காரர்களுக்கான அந்த வாய்ப்பு வந்தது, போனது. அவர் பெயரை எந்த அணியும் சொல்லவில்லை. உயரம் 5 அடி 8 அங்குலம் என்பது முக்கியமான காரணம். என்ஹெச்எல்லில் ஆடும் பனித்தளம் ஐரோப்பியத் தளத்தைவிட சுமார் 4 மீட்டர் அகலம் குறைவு. ஒதுங்க இடமில்லை, 100 கிலோ ஆள் வந்து மோதினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி என்று அவர் நார்வேயின் ஃபிரிஸ்க் அணியிலிருந்து ஸ்வீடனின் மோடோ அணிக்குப் போனார். 2009-10 சீசனில் 55 ஆட்டங்களில் 64 புள்ளிகள் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவினாலும் ஒன்று). ஸ்வீடன் லீகின் தங்க ஹெல்மெட் விருது அந்த வருடம் அவருக்கு. அதற்கு ஓட்டுப் போடுபவர்கள் சக வீரர்கள். அதனால்தான் எனக்கு இந்த விருது பெரிதாகப் படுகிறது. களத்தில் அவரை நேருக்கு நேர் சந்தித்தவர்களுக்கு அவர் உயரம் ஒரு பொருட்டாகவே இல்லை.

அதே குளிர்காலத்தில் வான்கூவர் ஒலிம்பிக்ஸ். அங்கே தளம் என்ஹெச்எல் அளவு. கனடாவிடம் நார்வே 0-8 எனத் தோற்றது. ஆனாலும் அந்தக் குறுகிய தளத்தில் சுக்கரெல்லோ ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள். 2010 மே மாதம் என்ஹெச்எல் அணியான நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அப்புறமும் எளிதாக இல்லை. கீழ் லீகுக்கும் மேல் லீகுக்குமாக அலைந்து, நடுவில் ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பி வந்தார். 2013-14இல் ரேஞ்சர்ஸ் அணியிலேயே அதிகப் புள்ளிகள், 59, அவருடையது. அந்த வருடம் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் ஆடிய முதல் நார்வேக்காரரும் அவரே.

2015 ஏப்ரலில், சக வீரர் அடித்த பக் (ஹாக்கியில் பந்துக்குப் பதிலான கெட்டி ரப்பர் வட்டு) அவர் தலையில் பட்டது. மண்டை ஓட்டில் விரிசல், மூளையில் காயம். சில நாட்கள் பேச்சே வரவில்லை. வார்த்தைகளை மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, இனி ஆடாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாகப் பேசினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பின்னாளில் மினசோட்டா அணிக்குப் போய், 34 வயதில் 79 புள்ளிகள் எடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த சீசன் அது. ஆனால் என் மனதில் நிற்பது 2015 அக்டோபர் 30. நியூயார்க்கில் மாலை, நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். டொராண்டோவுக்கு எதிராக ரேஞ்சர்ஸ் 3-1. மூன்று கோலும் சுக்கரெல்லோ. அவருடைய முதல் ஹாட்ரிக். மூன்றாவது விழுந்ததும் வழக்கப்படி ரசிகர்களின் தொப்பிகள் தளத்தில் வந்து விழுந்தன. அரங்கம் முழுக்க "சூ...க்" என்று அவர் பெயரைச் சுருக்கி இழுத்துக் கூப்பிட்டது. ஆறு மாதத்துக்கு முன் பேச முடியாமல் படுத்திருந்தவர் அவர்.

டிவியில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். வீடே எழுந்துவிட்டது.