ஆய்வு வலையமைப்பு தொடங்க முகவர் வேண்டுமா?

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். நீடித்த நுகர்வு, உற்பத்தி (அதாவது வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவதும் உற்பத்தி செய்வதும்) பற்றி ஆராய ஒரு வலையமைப்பு தொடங்க நினைக்கிறோம். ஆய்வு மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் இருவர் என மொத்தம் 14 பேர் இருக்கிறோம். பதிவு, இணையத்தளம், 'ஐநா அங்கீகாரம்', தொடக்க மாநாடு, ஐஎஸ்பிஎன் எண்ணுடன் கட்டுரைத் தொகுப்பு எல்லாவற்றையும் 6,500 வெள்ளிக்கு முடித்துத் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். முன்பணம் கொடுக்கலாமா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் பட்டியலில் பாதியை நீங்களே செய்துகொள்ளலாம். மீதிப் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

முதலில் அந்த 'ஐநா அங்கீகாரம்'. நீடித்த நுகர்வு, உற்பத்திக்கான பத்தாண்டுத் திட்டத்தை நாடுகள் 2012ல் ஐநாவின் ரியோ மாநாட்டில் ஏற்றுக்கொண்டன. 2015ல் வந்த ஐநாவின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12வது இலக்கும் இதுதான். இவை நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள். ஓர் ஆலோசகருக்குப் பணம் கட்டி இதில் அங்கீகாரம் வாங்க வழி எதுவும் கிடையாது. அந்த இலக்குகளின் வண்ணச் சக்கரச் சின்னத்தைச் சான்றிதழில் அச்சடித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஐஎஸ்பிஎன் கதையும் இதேதான். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். உள்ளே உள்ள கட்டுரையை யாராவது படித்துச் சரிபார்த்தார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மாநாடு இன்னும் மோசம். ஹோட்டல் அறை, பொன்னாடை, 'சிறந்த ஆய்வாளர்' விருது, கட்டணம் கட்டியவர் அனைவருக்கும் தொகுப்பில் இடம். கட்டுரை ஸ்கோப்பஸில் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) வரும் என்று யாராவது சொன்னால், அந்த இதழின் பெயரை ஸ்கோப்பஸ் தளத்திலேயே தேடிப் பாருங்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கக் காசு வேண்டாம். இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் தள முகவரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள், நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வியாபாரம் நடப்பதற்குக் காரணம் நம் நிறுவனங்கள்தான். எத்தனை மாநாடு, எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று எண்ணிப் பார்த்தே நிதி கொடுக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தால் ஒரு கிலோ கழிவாவது குறைந்ததா என்று கேட்பவர் அபூர்வம். ஆண்டுக் கணக்காக இதைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

பதிவு விஷயத்தில் மட்டும் ஆலோசகர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒரு சங்கமாக இயங்கினால், நோக்கம் எதுவாக இருந்தாலும், சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத சங்கம் சட்டவிரோதச் சங்கமாகவே கருதப்படும். நீங்கள் 14 பேர். பெயர், தலைவர், செயலாளர், உறுப்பினர் பட்டியல் என்று இப்போதே அமைத்துக்கொண்டால் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். 'சின்னக் குழுதானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று இருந்துவிடாதீர்கள். அதற்காக உடனே சங்கம் பதிவு செய்யவும் ஓடாதீர்கள். பதிவு செய்தால் நிர்வாகக் குழு, ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்கு அறிக்கை எல்லாம் கூடவே வரும், ஆய்வு தொடங்கும் முன்பே நேரம் அதிலேயே போய்விடும். உங்கள் கல்லூரியையோ ஏற்கெனவே பதிவான ஓர் அமைப்பையோ அணுகி, அவர்களுடைய ஆய்வுத் திட்டமாகவே இதைத் தொடங்குங்கள். பொறுப்பாளர் யார், பணம் யார் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு தனிச் சங்கமாகத்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால், உள்துறை அமைச்சின் கீழ் உள்ள சங்கங்கள் பதிவகத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலை எதில் சேரும் என்று சந்தேகம் வந்தால் பதிவகத்தையே கேளுங்கள். நடுவில் முகவர் எதற்கு?

சரி, வலையமைப்பு என்ன செய்ய வேண்டும்? 'சுற்றுச்சூழல் மீது உங்களுக்கு அக்கறை உண்டா' என்று கேள்வித்தாள் மட்டும் விநியோகிக்காதீர்கள். எல்லாரும் உண்டு என்றுதான் எழுதுவார்கள். 2023ல் வீட்டுக் கழிவில் மறுபயனீடு ஆனது வெறும் 12 விழுக்காடு. நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஒரே குப்பை நிரப்புமிடமான செமாக்காவ் 2035க்குள் நிரம்பிவிடும் என்கிறார்கள். அக்கறைக்கும் பழக்கத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய வேண்டியது. உங்களிடம் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பல ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

ஆனால் இரண்டு கடையிலும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். மதியப் பந்தி முடிந்ததும் வாளியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். இலை, சோறு, முருங்கைச் சக்கை, எலும்பு, அதன் மேல் சாம்பாரும் ரசமும். ஒருவர் நீரை வடித்துவிட்டு நிறுக்கிறார், இன்னொருவர் அப்படியே நிறுக்கிறார், ஒருவர் ஈர இலையையும் உணவுக் கணக்கில் சேர்க்கிறார் என்றால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியாது. அதனால் மூன்று வாளி வையுங்கள். சமையலுக்கு முன் கழிவது ஒன்றில், பானையில் மிஞ்சுவது ஒன்றில், இலையில் மிஞ்சுவது ஒன்றில். மூன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. பானையில் மிஞ்சினால் கூட்டத்தைத் தப்பாகக் கணித்திருக்கிறார்கள். இலையில் மிஞ்சினால் கேட்காமலே பரிமாறியிருக்கலாம். இலையைத் தனியே எடுத்து, வாளியின் எடையைக் கழித்து, அன்று எத்தனை இலை போட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கட்டாயம் கணக்கில் வரவேண்டும். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே தனி.

அப்புறம் உற்பத்தி. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. உரிக்கும்போது வெங்காயத்தில் இரண்டு அடுக்கு அழுகிப் போகிறதென்றால் அதற்குக் காரணம் தேக்கா (லிட்டில் இந்தியா) சமையலறையில் இருக்காது, வழியில் ஏதோ கிடங்கிலோ கப்பலிலோ இருக்கும். இந்தியா 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து 2024 மே மாதத்தில்தான் தளர்த்தியது. அப்படிப்பட்ட மாதங்களில் எங்கிருந்து, எந்தத் தரத்தில் வாங்கினார்கள் என்பது கடைக்காரரின் ரசீதுகளில் இருக்கும். இறக்குமதியாளர் ஒருவரையும் இந்தியாவில் வேளாண் ஆய்வு செய்யும் ஒருவரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டால் நீங்கள் செய்வது நுகர்வு ஆய்வு மட்டும்தான்.

ஊழியர்களையோ வாடிக்கையாளர்களையோ பேட்டி எடுப்பதாக இருந்தால், அதற்கு முன்பே கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள். முடிந்தபின் வாங்க முடியாது.

கடைசியாக ஒரு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் வரும், ஒருவர் விலகினால் அவர் கொடுத்த தரவு என்ன ஆகும், கடையின் பெயர் வெளியே வருமா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் கடைக்காரர்கள் உண்மையான எடையைக் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு அது. இணைய முகவரியைத் திட்டத்தை ஏற்கும் நிறுவனத்தின் பெயரிலேயே வாங்குங்கள். முகவர் தன் பெயரில் வாங்கிவைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பணம் கேட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆலோசகர் ஏற்கெனவே உங்களுக்காக எதையாவது பதிந்திருந்தால், அதை மாற்றித் தரச் சொல்லி இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள்.