கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் கடவுள் பல மடங்காகத் திருப்பித் தருவாரா?

கேள்வி கேட்ட தம்பி தன் நிலைமையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். மனைவி பெயரில் குழுக் கடன், அது போக நகைக் கடன். இரண்டுக்குமாக மாதம் 7,000 போய்விடுகிறது. சபையில் வேதாகமத்தின் மல்கியா புத்தகம் 3-ஆம் அதிகாரத்தைக் காட்டி, தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறவன் என்கிறார்களாம். 1,800 ரூபாயை எடுத்து வைத்துவிட்டால் கடன் தானாகத் தீரும் என்றும் சொல்கிறார்களாம். "கொடுக்காவிட்டால் சாபம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, கடனை ஒழுங்காகக் கட்டுங்கள். வீட்டில் அடுப்பு எரியட்டும். அதற்குப் பிறகு உங்களால் முடிந்ததை, இருபது ரூபாயானாலும் சரி, மனதாரக் கொடுங்கள். பத்தில் ஒன்று வரவில்லை என்பதற்காகக் கடவுள் உங்களைச் சபிக்க மாட்டார். பத்தில் ஒன்று கொடுத்தீர்கள் என்பதற்காக உங்கள் கடனை அடைத்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை. உங்களைக் கைவிட மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை நான் முழுதாக நம்புகிறேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கிராமச் சபையில் ஏழு வருடம் பொருளாளராக இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரும் நானும் இன்னொருவரும் காணிக்கைப் பையைப் பாயில் கொட்டி எண்ணுவோம். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டைப் பிரித்தால் புகையிலை வாசனை வரும். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் சுற்றியவள்தான். காணிக்கையைப் பற்றி யார் என்ன பேசினாலும் அந்த நோட்டுகளை நினைத்துக்கொண்டுதான் கேட்பேன்.

என் சித்திக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சித்தப்பாவின் கடை நொடித்துப்போயிருந்த சமயம். ஒரு கூட்டத்தில் பிரசங்கம் செய்தவர், "உங்களுக்கு வலிக்கிற அளவுக்கு விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். சித்தி இரண்டு வளையலை அடகு வைத்துப் பத்தாயிரம் ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கடை திறக்கவில்லை. வட்டி கட்ட முடியாமல் வளையல் ஏலத்துக்குப் போனது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. "என் விசுவாசம் பத்தலை போல, அதான் ஆண்டவர் கேக்கலை" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, இரண்டு வருடம் நற்கருணைக்கு வராமல் இருந்தாள். வளையல் போனது பெரிதில்லை, அவளிடமிருந்து ஆண்டவரையே பிடுங்கிவிட்டார்கள். இன்றைக்கும் என்னால் அதைச் சாதாரணமாகப் பேச முடியவில்லை.

அப்புறம்தான் மல்கியாவை முதல் வரியிலிருந்து உட்கார்ந்து வாசித்தேன். மொத்தமே நாலு அதிகாரம்தான், நீங்களும் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். முதல் அதிகாரத்தில் ஜனங்கள் குருடும் முடமுமான ஆடுமாடுகளைப் பலிக்குக் கொண்டுவருகிறார்கள். "இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப்பார், அவன் வாங்கிக்கொள்வானா?" என்று கடவுள் கேட்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் ஆசாரியர்களுக்கே கண்டிப்பு. மூன்றாம் அதிகாரம் 8-ஆம் வசனத்துக்கு, அதாவது உங்களிடம் காட்டுகிற அந்த வசனத்துக்கு, மூன்று வசனம் முன்னால் போங்கள். கூலிக்காரனின் கூலியையும், விதவைகளையும், திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சி சொல்ல வருவேன் என்கிறார். 8-ஐ வாசித்துக் காட்டுகிறவர்கள் 5-ஐயும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அதே அதிகாரம் 10-ஆம் வசனத்தில் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்கிற 'பண்டசாலை' உண்மையிலேயே ஒரு பண்டசாலை. எருசலேம் ஆலயத்தில் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் சேர்த்து வைத்த அறைகள். ஆலய வேலை செய்த லேவியருக்கு மற்றக் கோத்திரங்களைப் போல நிலப் பங்கு கிடையாது, அவர்களுடைய பிழைப்பே தசமபாகம்தான் என்று எண்ணாகமம் 18 சொல்கிறது. அது வராமல் போனபோது அவர்கள் ஆலய வேலையை விட்டுவிட்டுத் தங்கள் தங்கள் வயலுக்குப் போய்விட்டார்கள் என்று நெகேமியா 13-இல் இருக்கிறது. உபாகமம் 14-ஐ வாசித்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். கொண்டுவந்த தசமபாகத்தைக் கொடுத்தவனும் அவன் வீட்டாரும் கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பங்கை அவரவர் ஊரிலேயே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் திருப்தியாகச் சாப்பிடும்படி விட வேண்டும். ஆக, தசமபாகம் என்ற ஏற்பாடே நிலமில்லாதவன் பசியாற வேண்டும் என்பதற்காக வந்தது. அதை வைத்தே கடனில் நிற்கிறவனை மிரட்டுவது எப்படிச் சரியாகும்?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தசமபாகத்தை நல்ல பழக்கமாகக் கடைப்பிடிக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், கை கொடுக்கிற மாதங்களில் நானும் அப்படித்தான் செய்கிறேன். மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்கு என்ற ஆசாரியருக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார். இயேசு பரிசேயரிடம், ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார், இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக்கூடாது என்றார். ஆனால் யூதரல்லாத புறஜாதிச் சபைகளுக்குக் காணிக்கையைப் பற்றிப் பவுல் எழுதும்போது ஒரு சதவீதத்தையும் குறிக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் 8, 9 அதிகாரங்கள் முழுக்க இதுதான் பேச்சு. எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்க்கிறார். அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்கிறார். ஒருவனுக்கு மனவிருப்பம் இருந்தால் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அது அங்கீகரிக்கப்படும் என்கிறார். 18,000-த்தில் 7,000 கடனுக்குப் போகிறவனுக்கு 'உள்ளது' எது என்று கடவுளுக்குக் கணக்குத் தெரியும்.

பொருளாளராக இருந்தவன் என்பதால் 8-ஆம் அதிகாரத்தில் இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பணத்தைப் பவுல் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. தீத்துவையும், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட வைத்துக்கொள்கிறார். யாரும் குறை சொல்லிவிடக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அப்போஸ்தலனே கணக்கைத் திறந்து வைத்தார். நீங்கள் கொடுக்கிற இடத்தில் கணக்கு வாசிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் ஆகாது.

கடனுக்கு வருகிறேன். 2 இராஜாக்கள் 4-இல் ஒரு விதவை எலிசாவிடம் அழுதுகொண்டு வருகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். வீட்டில் ஒரு குடம் எண்ணெய்தான் மிச்சம். அற்புதம் நடக்கிறது, பாத்திரங்கள் நிறைகின்றன. இப்போது தீர்க்கதரிசி என்ன சொல்கிறார் பாருங்கள்: எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்துவிடு, மீந்ததை வைத்து நீயும் உன் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பங்கு கொண்டுவா என்று அவர் கேட்கவே இல்லை. கடவுள் கொடுத்த அற்புதத்தின் முதல் செலவு கடன்காரனுக்குத்தான். குழுக் கடனில் நீங்கள் கட்டாமல் விட்டால் மற்றப் பெண்கள் அல்லவா சேர்ந்து சுமக்க வேண்டும்? அந்தத் தவணையை நாள் தவறாமல் கட்டுவதும் கடவுளுக்கு முன்பாக நேர்மைதான். அதே மாதிரி அப்பா அம்மாவின் மருந்துக் காசைக் 'கொர்பான்' (கடவுளுக்கென்று ஒதுக்கியது) என்று சொல்லிக் காணிக்கையாக மாற்றுவதை மாற்கு 7-இல் இயேசு கடுமையாகக் கண்டித்தார்.

சரி, அப்படியானால் வாக்குத்தத்தம்? கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும் என்று இயேசு சொன்னது பொய்யா? ஒருநாளும் இல்லை. ஆனால் லூக்கா 6-இல் அதற்குச் சற்று மேலேயே, கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள் என்று இருக்கிறது. திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் அந்த வசனத்தை மீறித்தான் இந்த வசனத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி உங்கள் மடியிலே 'போடுவார்கள்' என்று இருக்கிறது. போடுகிறவர்கள் பலர். அக்கம்பக்கத்து மனிதர்கள் வழியாக அது வரும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். ரேஷன் அரிசியும் அம்மாவின் பீடிக் கூலியும்தான். ஆனாலும் உலையில் போட அரிசி அளக்கும்போது அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்தில் அதைச் சேர்த்து விற்று மிஷனரி ஊழியத்துக்கு அனுப்புவார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்காமல் திருநெல்வேலி விசுவாசிகள் தங்கள் கையிருப்பைப் போட்டுத்தான் தெலுங்கு தேசத்து தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா, பின்னால் 1912-இல் தோர்ணக்கலின் பேராயரானார். அந்த மண்ணின் பழக்கம் அம்மா கையிலும் இருந்தது. "நமக்கே பத்தலையேம்மா" என்று ஒருநாள் கோபப்பட்டேன். "ஒரு பிடியில நமக்கு என்னல கொறஞ்சிரப் போவுது?" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை.

அடுத்த வருடம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் படுத்துவிட்டாள். அந்த ஒன்றரை மாதமும் எங்கள் வீட்டில் சோறு பொங்கவில்லை. ஐக்கியத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒருநாள் சோறும் பத்தியக் குழம்பும் கொண்டுவந்தார்கள். யாரும் வசனம் சொல்லவில்லை. தூக்குச்சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். நூறு மடங்கு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, அவ்வளவுதான்.

சாறிபாத் விதவையின் கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1 இராஜாக்கள் 17. பஞ்சத்தில் கடைசிக் கைப்பிடி மாவைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாகக் காத்திருந்தவள், எலியாவுக்கு முதலில் ஒரு அடை கொடுத்தாள். பானையின் மா செலவழிந்துபோகவில்லை, கலசத்தின் எண்ணெய் குறைந்துபோகவில்லை. ஆனால் ஒரு பானை பத்துப் பானை ஆனதாக எழுதவில்லை. களஞ்சியம் நிரம்பவில்லை. வெளியே மழையும் பெய்யவில்லை. தினமும் காலையில் அவள் குனிந்து பானைக்குள் பார்த்திருப்பாள், அன்றைக்கு வேண்டியது இருந்திருக்கும். மறுநாளும் குனிந்து பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு அவளுடைய மகன் வியாதிப்பட்டுச் செத்தும் போனான். என் அக்கிரமத்தை நினைப்பூட்டி என் மகனைச் சாகடிக்கவா என்னிடம் வந்தீர் என்று அவளும் எலியாவிடம் கதறினாள். கடவுள் அந்த வீட்டைவிட்டு அப்போதும் போகவில்லை, பிள்ளையை உயிரோடு திருப்பிக் கொடுத்தார். என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுலும் அப்போது காவலில் இருந்தவர்தான். குறைவை என்றுதான் எழுதினார், ஆசையை என்று எழுதவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு. மனைவியோடு உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். கடன் தவணை, வாடகை, அரிசி, பிள்ளைகள் ஃபீஸ், இதெல்லாம் போக மனம் நோகாமல் எடுக்க முடிந்த தொகை. சம்பளம் வந்த அன்றே அதைத் தனியாக வைத்துவிடுங்கள். காணிக்கைக்காகக் கடன் வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். நகை மீண்டதும் அந்த வட்டிப் பணத்திலிருந்து கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். நிலைமை ரொம்ப மோசமானால் சபையில் உதவி கேளுங்கள். உங்களுக்குக் கொடுப்பதும் சபையின் கடமைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சித்தி இப்போது கோவிலுக்கு வருகிறாள். அம்மாதான் இரண்டு வருடமும் சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சும்மா பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒருநாள் அவளே சேலை மாற்றிக்கொண்டு கூடப் புறப்பட்டு வந்தாளாம். வந்த முதல் ஞாயிறு அவளிடம் காசு இல்லை. பை வந்ததும் வாங்கிப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, குனிந்து ஜெபம் பண்ணினாள். உங்களுக்கும் அப்படி ஒரு ஞாயிறு வந்தால் அப்படியே செய்யுங்கள், தம்பி. ஏழு வருடம் எண்ணினேன், பையில் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.