பதில்: ப்ரூவர்ஸ் ஈஸ்ட் போட்டும் ரொட்டி மாவு பொங்கவில்லை

500 கிராம் மைதாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் போட்டு மூன்று மணி நேரம் வைத்தும் மாவு எழும்பவில்லை, கசக்கிறது என்கிறீர்கள். உங்கள் பிசைதலில் குறையில்லை. சத்துத்தூளாக டப்பாவில் விற்கும் ப்ரூவர்ஸ் ஈஸ்ட், சூட்டில் உயிர் போக்கி உலர்த்தியது. ரொட்டி ஈஸ்ட்டின் அதே இனம்தான், ஆனால் செல்கள் செத்துவிட்டதால் வாயு வராது. செத்த செல்களிலிருந்து கசியும் குளுட்டாதயோன் என்ற பொருள், மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதத்தையும் தளர்த்தும். மாவு பிசுபிசுத்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

மாவைக் கொட்டிவிடாதீர்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை தேக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் (38 டிகிரி செல்சியஸ் போதும்) கரைத்து, ஒரு கைப்பிடி மைதாவுடன் சேர்த்துப் பிசையுங்கள். இரண்டு மடங்காகும்வரை மூடி வையுங்கள். பொங்கிவிடும், ஆனால் கசப்பு போகாது. அது பீர் வடிப்பில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவிலிருந்து ஏறியது. பூண்டு, வெண்ணெய் தடவிச் சுட்டால் அடங்கும்.

மீதித் தூளை சூப்பிலோ குழம்பிலோ இறக்கும்போது நான்கு பேருக்கு அரைத் தேக்கரண்டி கலக்குங்கள். அடுத்த முறை கசப்பு நீக்கியது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோய்) இருந்தாலோ, எம்ஏஓஐ வகை மனச்சோர்வு மாத்திரை எடுத்தாலோ அவர்களுக்கு இந்தத் தூள் வேண்டாம்.