மானியம் கைக்கு வரும்வரை வீடு எதை நம்பி ஓடும்?

மகள்,

உங்கள் கடிதமும், அதோடு அப்பா தனியாக எழுதிய பக்கங்களும் கிடைத்தன. தேயிலையின் இளம் இலையில் பூஞ்சணத்தால் வரும் கொப்புள நோய் பற்றிய ஆய்வுக்கு மானிய விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்காமல் இதையே நம்பி இருக்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அப்பாவின் கேள்விதான் அவசரம். அப்படி நம்பி இருக்க வேண்டாம். அதற்காக ஆராய்ச்சியைக் கைவிடவும் வேண்டாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதைத்தான் பெரிய ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். போட்டி மானியங்களில் நிராகரிப்பு வழக்கமான விஷயம். மதிப்பீட்டாளர் குறிப்பு கிடைத்தால் கேட்டு வாங்கித் திருத்தி, அடுத்த முறை அனுப்பலாம். கைக்கு வராத பணத்தை நம்பி வீட்டுச் செலவையும் கிடைக்கக்கூடிய வேலையையும் நிறுத்தி வைப்பதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இலங்கையின் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்ற இடங்களின் ஆய்வு மானியம் பொதுவாக உங்கள் பெயரில் வராது. மேற்பார்வையாளரான விரிவுரையாளரின் பெயரில், பல்கலைக்கழகத்தின் ஊடாக வரும். அதிலிருந்து ஆய்வு உதவியாளர் கொடுப்பனவுதான் உங்களுக்குக் கிடைக்கும். மதிப்பீடு, குழுக்கூட்டம், ஒப்பந்தம், நிதியாளர் அலுவலகம் என்று மாதக்கணக்கில் போகும். அதன் பிறகும் முன்னேற்ற அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த தவணையை விடுவிப்பார்கள். ஆகவே ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பியுங்கள். நியமனக் கடிதம் முதலில் வந்தால் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதியலாமா என்று பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும் இப்போதே கேட்டு வையுங்கள். மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை எந்த வேலையையும் மறுத்து எழுத வேண்டாம்.

இனி உங்கள் ஆய்வுத் திட்டம். அதில் எனக்குப் பட்ட பெரிய ஓட்டை கால அட்டவணைதான். கொப்புள நோய்க்குக் குளிரும் ஈரமும் வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை. நீங்கள் ஜூனில் மாதிரி எடுக்கத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் ஓகஸ்டில் வந்தால் ஒரு மழைக்காலமே போய்விடும், இரண்டு வருட மானியத்துக்குக் கிடைக்கும் மழைக்காலத்தில் பாதி அது. மலையின் கிழக்கே பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அந்த மாதங்களில் காய்ந்த காற்று அடிக்கும், வருட முடிவில்தான் நல்ல மழை. மலையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு தோட்டத்தை வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்து மழை தவறினாலும் மறுபக்கத்து மழையில் வேலையைத் தொடங்கலாம்.

அடுத்தது கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவது. கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் செடியைத்தான் இந்த நோய் கடுமையாகத் தாக்கும், உங்கள் பரிசோதனை முழுதும் அந்தத் துளிரில்தான் நிற்கிறது. ஆனால் எந்த மலையை (தோட்டத்தின் எந்தப் பகுதியை) எப்போது கவ்வாத்து வெட்டுவது, நோய்க்கு எப்போது செம்பு மருந்து அடிப்பது என்று தீர்மானிப்பது தோட்ட நிர்வாகம். துரை (தோட்ட முகாமையாளர்) மாறினால் வாய்ப்பேச்சு அனுமதி அவரோடு போய்விடும். அதனால் கம்பனியின் கடிதம் வேண்டும். எந்த இலக்க மலை, எத்தனை வரிசைக்கு மருந்து அடிக்காமல் விடுவது, எந்த மாதம்வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மேட்டு நிலத் தோட்டங்களில் ஒரு கவ்வாத்துச் சுற்று நான்கைந்து வருடம். இரண்டு வருடத்தில் முழுச் சுற்றின் விளைச்சலையும் அளந்து தருவதாக எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். தர முடியாததை வாக்களித்தால் கேள்வி கேட்பது உங்கள் மேற்பார்வையாளரிடம்தான்.

கொழுந்து எடுக்கும் பெண்களிடம் கேள்வி கேட்கும் பகுதிக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். துரை சரி என்றால் அவர்களும் சரி என்றதாக ஆகாது. நீங்கள் அவர்களோடு அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பிள்ளை. உங்களிடம் மாட்டேன் என்று சொல்ல அந்த அக்காமாருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் உங்களை அறியாத தோட்டத்தில் அந்தப் பகுதியைச் செய்வதே அவர்களுக்கும் நல்லது.

செலவுப் பட்டியலில் இறக்குமதிப் பொருட்களைத் தனியாகப் போடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்வெட்டு. ரூபாயில் மானியம் வாங்கியவர்களுக்கு இரசாயனப் பொருள் வாங்கும் சக்தி பாதிக்குக் கிட்டக் குறைந்தது, குளிரூட்டியில் இருந்த மாதிரிகளுக்கும் உத்தரவாதம் இல்லாமல் போனது. ஆகவே டி.என்.ஏ. பரிசோதனை முடியாமல் போனாலும் ஆய்வு தொடர்ந்து நடக்க வேண்டும். இந்தப் பூஞ்சணம் உயிருள்ள இலையில்தான் வளரும், செயற்கை ஊடகத்தில் வளர்த்து வைப்பதை நம்ப முடியாது. எனவே இலையில் கொப்புளம் எண்ணுவது, நுண்ணோக்கியில் பூஞ்சண வித்திகளை எண்ணுவது, தினசரி மழை, ஈரப்பதன் பதிவு ஆகிய மூன்றையும் ஆய்வின் அடித்தளமாக வையுங்கள். டி.என்.ஏ. வேலை அதற்கு மேலே வரட்டும்.

இவற்றை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மழை பிந்தினால் இது, டொலர் ஏறினால் இது என்று ஒரு பக்கம் போதும். ஆபத்தே இல்லை என்று எழுதும் விண்ணப்பத்தைப் பார்த்தால், இவர் களத்துக்குப் போனதே இல்லை என்றுதான் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் நினைப்பார்.

அப்பாவுக்கு: ஐயா, மடிகணினிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம், துறையின் கணினிகளைப் பயன்படுத்தலாமா என்று மகள் கேட்டுப் பார்க்கட்டும். விண்ணப்பத்தை நாங்களே எழுதி மானியம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பிணையாளராகக் கையெழுத்துக் கேட்டு எந்தப் பத்திரம் வந்தாலும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பந்தியை மகளை வாசிக்கச் சொல்லி, விளங்கிய பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மகள் கேட்டிருக்கும் கேள்வி நம் மலைக்கு உண்மையாகவே தேவையான கேள்வி, அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

மகள், இந்த வாரமே மேற்பார்வையாளரைச் சந்தித்து, மானியம் ஆறு மாதம் பிந்தினால் எனக்குக் கொடுப்பனவு எங்கிருந்து வரும் என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் திருத்திய கால அட்டவணையையும் எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளை அதற்குப் பிறகு பார்ப்போம்.