கச்சானிலும் மாரியிலும் சுருட்டு: கேள்விகளும் பதில்களும்

திருகோணமலைப் பக்கம் வீட்டில் சுருட்டுச் சுற்றிப் பார்க்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் அறிந்தோ அறியாமலோ பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, காணொளிகளில் பெரிய மேசை, அரைநிலாக் கத்தி, மர அச்சு எல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் வேணுமா?

வேண்டாம் தம்பி. ஒரு வெட்டுப்பலகை (அம்மாவின் மரக்கறிப் பலகையை எடுக்க வேண்டாம், மணம் போகாது), பீட்சா வெட்டும் சக்கரக் கத்தி, தண்ணீர் தெளிக்கும் போத்தல், ஒரு சமையல் தராசு. இவ்வளவும் போதும். அச்சுக்குப் பதிலாகச் சுற்றினதை மைபடாத தடித்த தாளில் இறுக்கிச் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சற்றுத் திருப்பி வைத்தால் ஒரு பக்கம் கோடு விழாது.

சுருட்டில் மூன்று அடுக்கு. ஃபில்லர் என்கிற உள்ளிலை, அதைக் கட்டிப் பிடிக்கிற பைண்டர், வெளியே போர்த்துகிற ராப்பர். தொடக்கத்தில் ராப்பரை விட்டுவிடுங்கள். அதுதான் விலை கூடின இலை, கிழிப்பதற்கு அதை வாங்க வேண்டாம். பைண்டர் இலையாலேயே இரண்டு தடவை போர்த்திப் பழகுங்கள்.

அளவு கேட்டிருக்கிறீர்கள். 5 அங்குல நீளமும் 50 ரிங்கும் பழகுவதற்கு வசதி. ரிங் என்பது ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. ஆகவே 50 ரிங் என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் விட்டம். மூன்று அடுக்கும் சேர்ந்து 12 முதல் 15 கிராம் வரை வரும். இலையை நிறுத்துச் சுற்றுங்கள். கண்மட்டத்துக்குச் சுற்றினால் ஒன்று கட்டை மாதிரி வரும், அடுத்தது பஞ்சு மாதிரி வரும், ஏன் என்று தெரியாது.

மூதூரிலிருந்து: நான் சுற்றுவது எல்லாம் இழுக்கவே முடியவில்லை. குறைவாக இலை வைத்தாலும் அப்படித்தான். எங்கே பிழை?

இலையின் அளவில் இல்லை. உள்ளிலை ஈரமாக இருக்கிறது. மூன்று அடுக்குக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் தெளிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ராப்பர் நன்றாக நெகிழ வேண்டும், இழுத்தால் கொஞ்சம் நீளக்கூட வேண்டும். பைண்டர் அதைவிடக் குறைவு. உள்ளிலை கையில் எடுத்தால் சரசரக்க வேண்டும், ஆனால் பொடியாகக் கூடாது. ஈர உள்ளிலையை அமுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுப் போகும் வழியெல்லாம் அடைபடும். காய்ந்த பிறகும் அந்த அடைப்பு அப்படியே கிடக்கும்.

இரண்டாவது, மடிக்கிற முறை. புத்தகம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடிப்பது சுலபம்தான், ஆனால் இறுகும். விசிறி மடிப்பு நல்லது: ஒவ்வோர் இலையையும் நீளவாக்கில் சுருக்கிச் சுருக்கிக் கைக்குள் சேர்ப்பது. கியூபாவில் பெரிய கைகாரர்கள் ஒவ்வோர் இலையையும் மெல்லிய குழாயாகச் சுருட்டிச் சேர்ப்பார்கள். காற்று அதில் அருமையாகப் போகும், ஆனால் நேரம் தின்னும். எந்த முறையானாலும் நடு நரம்பை முழுக்க உருவி எடுத்துவிடுங்கள். பைண்டர் சுற்றினவுடனே, ராப்பர் போர்த்துவதற்கு முன்னால், ஒருமுறை வெறுமனே வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் அந்த நேரத்தில் பிரித்து மீண்டும் சுற்றலாம். அப்புறம் முடியாது.

கச்சான் என்கிற உலர்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் நேர்மாறான சிக்கல் வரும். மத்தியானத்தில் இலையைத் தொட்டாலே உடையும். அந்த நாட்களில் அதிகாலையிலோ இரவிலோ வேலை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: வளவில் சில புகையிலைக் கன்று வைத்தேன். இலை நல்ல பெரிசு, பதப்படுத்தினேன், நிறமும் வந்தது. ஆனால் பற்றவைத்தால் சாம்பல் கறுப்பாக வந்து அணைந்து அணைந்து போகிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்தான்.

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். புகையிலை, உப்பில் இருக்கிற குளோரைட்டை மண்ணிலிருந்து நன்றாக உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். குளோரைட் கூடின இலை எரியாது, காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பளம் இருக்கிற ஊரில், கடலுக்கு இவ்வளவு கிட்ட, உவர்க் கிணறு இறைத்தால் இதுதான் நடக்கும். பதப்படுத்தி இதைத் திருத்த முடியாது.

அடுத்த முறை மழைத்தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள், அல்லது கன்றைப் பெரிய சாடியில் வையுங்கள். பொட்டாசியம் எரிவதற்கு உதவும், ஆனால் உரக்கடையில் மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் வாங்கிவிடாதீர்கள், அது பொட்டாசியம் குளோரைட். சல்பேட் வகையைக் கேளுங்கள். சாம்பல் வெள்ளையாகவோ வெளிர் சாம்பல் நிறமாகவோ வந்தால் இலை எரிகிறது என்று அர்த்தம்.

இருக்கிற இலையை வீசத் தேவையில்லை. நன்றாக எரியும் வேறு இலையோடு சிறு பங்காகச் சேர்த்துப் பாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: யாழ்ப்பாணப் புகையிலையில் வீட்டுச் சுருட்டுச் சுற்றலாமா? எங்கள் தாத்தா கோடாச் சுருட்டுத்தான் பிடிப்பார்.

சுற்றலாம். முதலில் எந்த வகை என்று கடையில் கேளுங்கள். வெற்றிலையோடு போடுகிற புகையிலை வேறு, சுருட்டுக்கான இலை வேறு. போடுகிற புகையிலை பொச்சுமட்டைப் புகை ஏற்றினதாக இருக்கும், அதைச் சுற்றினால் அடுப்படி மணம் தவிர வேறொன்றும் வராது. கோடா என்பது இலைக்குப் பூசுகிற இனிப்பும் காரமும் கலந்த பாணி. பூசின இலையை வெளிநாட்டு இலையோடு கலந்தால் மற்ற எல்லாவற்றின் மணத்தையும் அது விழுங்கிவிடும். ஆகவே கோடா போடாத இலை.

யாழ்ப்பாண இலைக்குச் சக்தியும் கூடுதல். முழுச் சுருட்டையும் அதிலேயே சுற்றிப் பிடித்துவிட்டுத் தலைசுற்றிப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். உள்ளிலையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அந்தக் கால் பங்கில் அது தருகிற உறைப்பு வேறெந்த இலையிலும் இல்லை, இது ஊர்ப்பாசத்தில் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம் என்று தாத்தா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஹவானாத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் அந்த வழக்கம் உண்டு. நான் வானொலி போட்டுக்கொள்கிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து: கலவை செய்வது எப்படி? மூன்று விதமான இலை வைத்திருக்கிறேன், கலந்தால் எல்லாம் ஒரே சுவையாக வருகிறது.

மூன்று வித நாடு என்பதைவிடச் செடியில் எந்த உயரத்து இலை என்பது முக்கியம். அடியிலை வொலாடோ: சுவை குறைவு, நன்றாக எரியும். நடுவிலை செக்கோ: மணம் தருவது இதுதான். உச்சியிலை லிகெரோ: வெயிலை முழுக்க வாங்கினது, தடிப்பு, காரம், மெதுவாக எரியும். தொடக்கத்துக்கு இரண்டு பங்கு செக்கோ, ஒரு பங்கு லிகெரோ, ஒரு பங்கு வொலாடோ. லிகெரோவை எப்போதும் நட்டநடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் எரியாமல் நின்று மற்றப் பக்கம் ஓடிவிடும், சுருட்டு தோணி மாதிரி குழிந்து எரியும்.

எல்லாம் ஒரே சுவை என்பதற்கு நான் நினைக்கிற காரணம், நீங்கள் எந்த இலையையும் தனியாகப் பிடித்துப் பார்த்ததில்லை. ஒவ்வோர் இலையிலும் சுண்டுவிரல் பருமனில் ஒன்று சுற்றி, தனித்தனி நாளில், தேத்தண்ணீர் குடிக்காமல் பாருங்கள். கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம் கலக்கும்போது ஒரு தடவைக்கு ஓர் இலையை மட்டும் மாற்றுங்கள். ராப்பரையும் லிகெரோவையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது நல்லது செய்தது என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல?

சுற்றின அன்றே பிடித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரம் இறங்காத சுருட்டுக் கசக்கும், மணம் அமுங்கியிருக்கும். இரண்டு கிழமையாவது விடுங்கள். ஒரு மாதம் விட்டால் இலைகள் ஒன்றுக்கொன்று மணம் வாங்கிக் கலவையாகும். இந்தப் பொழுதுபோக்கில் அதிக நேரம் போவது காத்திருப்பதில்தான். பொறுமை இல்லாவிட்டால் தூண்டில் பிடிக்கப் போகலாம், என்று எழுத வந்தேன், அதற்கும் பொறுமை வேணும்.

கிண்ணியாவிலிருந்து: நானா, பெட்டியில் வைத்த சுருட்டில் ஊசி குத்தினது போல ஓட்டை. உள்ளே தூள் தூளாக இருக்கு.

புகையிலை வண்டு. முட்டை இலையோடேயே வந்திருக்கும். ஏறக்குறைய 22 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் பொரிக்கும். நம்ம ஊரில் ஆண்டு முழுக்க அதற்கு மேல்தான். எனவே இங்கே இது வருமா என்ற கேள்வி இல்லை.

ஓட்டை விழுந்தவற்றைத் தனியாக்குங்கள். மீதியை இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 பாகைக்கு இறங்கும் ஃப்ரீசரில் ஒரு கிழமை வையுங்கள். மூன்று நாள் போதும் என்பார்கள், ஆனால் மின்சாரம் போய்ப் போய் வருகிற வீட்டில் ஒரு கிழமைதான் பாதுகாப்பு. வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு ஒரு நாள் வெளியே, அப்புறம் திறங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கோத்து ராப்பர் வெடிக்கும். புது இலை வந்தாலும் சுற்றுமுன் இதையே செய்யுங்கள். அதே வண்டு மிளகாய்த்தூளுக்கும் கொத்தமல்லிக்கும் வரும், ஆகவே சமையலறை அலுமாரியில் இலை வைக்காதீர்கள். வீட்டிலும் ஏச்சு விழாது.

உவர்மலையிலிருந்து: மாரி தொடங்கினால் பூஞ்சணம். ஈரமானியில் 68 சதவீதம் காட்டுகிறது, அது சரியான அளவுதானே?

68 நல்ல அளவு, ஆனால் மலிவான ஈரமானி சொல்வதை நம்பாதீர்கள். ஒரு போத்தல் மூடியில் கறியுப்புப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதமாக்குங்கள். கரையக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரே பையில் இறுக மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் கருவி ஏழு குறைத்துச் சொல்கிறது, அதாவது உங்கள் பெட்டி உண்மையில் 75இல் இருக்கிறது. பூஞ்சணத்துக்குக் காரணம் அதுதான்.

வாடைக்காற்று மழையில் மரப்பெட்டி உதவாது. இறுக மூடும் கண்ணாடி அல்லது பிளாஸ்ரிக் பெட்டிதான். பஞ்சு போல வெள்ளை படர்ந்தால் எறிந்துவிடுங்கள். அது முதிர்ச்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் அவருக்கே அதைக் கொடுத்துவிடலாம்.

குச்சவெளியிலிருந்து: பதப்படுத்தின இலையில் மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி. காற்றில் விட்டால் போகுமா?

கொஞ்சம் போகும். முழுக்கப் போக வேண்டுமானால் நொதிக்க வைக்க வேண்டும். தோட்டங்களில் நூற்றுக்கணக்கான கிலோவைக் குவித்துவைத்தால் தன்னாலேயே சூடேறும். வீட்டில் ஒரு கிலோவுக்கு அது நடக்காது. புது ரெஜிபோம் பெட்டி ஒன்று (மீன் போட்டு எடுத்தது வேண்டவே வேண்டாம்), முட்டை பொரிக்க வைக்கிற பெட்டிக்கு விற்கும் வெப்பக் கட்டுப்படுத்தி, சூட்டுக்கு ஒரு பல்ப், ஒரு கோப்பை தண்ணீர். 50 பாகை அளவில், இலை நெகிழ்ந்தே இருக்கும்படி, ஒரு மாதம் முதல் ஆறு கிழமை. பல்ப் ரெஜிபோமில் முட்டாமல் பாருங்கள், அது பற்றும். வீட்டில் ஆள் இல்லாதபோது ஓட விடாதீர்கள்.

பெயர் எழுதவில்லை: அண்ணா, எனக்கு 19 வயது. தொடங்கலாமா?

இல்லை தம்பி. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ் உங்களுக்குப் புகையிலை விற்கவே முடியாது. நானும் சொல்லித்தர மாட்டேன்.

சாம்பல்தீவிலிருந்து: என் கணவர் புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே ஒன்றும் செய்யாது என்கிறார். சரியா?

சரியில்லை அக்கா. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிக்கொட்டின் வாய்த்தோலாலேயே உறிஞ்சப்படும். வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்க்கு உள்ளே இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் சுற்றினது, மருந்தடிக்காதது என்பதெல்லாம் இதில் எதையும் மாற்றாது. நான் கிழமைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் பாதுகாப்பு என்று சொல்ல வரவில்லை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ தெரிந்தால் அவரை உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நிலாவெளியிலிருந்து இன்னொருவர்: ஹோட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு விற்றால் நல்ல காசு வருமே?

உங்களுக்காகச் சுற்றுவது வேறு, விற்பது வேறு. விற்க நினைத்தால் முதலில் மதுவரித் திணைக்களத்தில் வரியையும் உரிமத்தையும் பற்றிக் கேளுங்கள். படம் பிடித்துப் போட்டு விளம்பரம் செய்வதும் மேலே சொன்ன அதே சட்டத்தில் தடை. வெளிநாட்டு இலை வரவழைப்பதானால் அனுப்பச் சொல்வதற்கு முன்னால் சுங்கத்தில் கேளுங்கள்.

மூதூர்க்காரர் திரும்பவும்: ராப்பர் ஒரு பக்கமாகச் சுற்றினால் அழகாக வருகிறது, மற்றப் பாதியில் நரம்பு குறுக்கே நிற்கிறது.

நடு நரம்பை எடுத்தால் ஓர் இலை இரண்டு பாதியாகும், இடப்பாதி வலப்பாதி. இரண்டையும் ஒரே திசையில் சுற்ற முடியாது. ஒரு பாதியை இடமிருந்து வலமாகச் சுற்றினால் மற்றதை வலமிருந்து இடமாக. நரம்புகள் சுருட்டின் நீளத்தோடு ஓட வேண்டும், இலையின் பளபளப்பான மேற்பக்கம் வெளியே. பற்றவைக்கும் நுனியில் தொடங்கித் தலைப்பக்கம் போங்கள். தலைக்கு ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வட்டம் வெட்டி ஒட்டுங்கள். பசைக்கு மரவள்ளி மாவைக் காய்ச்சி, நீர்க்க, விரல்நுனியில் தொட்டு. தடிப்பாகப் பூசினால் முதல் இழுப்பிலேயே கருகின மா மணக்கும்.